ஆத்தங்குடிக் கல்: பூவைப் பார்க்கும் முன் மணலைக் கேளுங்கள்

செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் வார்க்கும் பூப்போட்ட சிமெண்ட் தரைக்கல்தான் ஆத்தங்குடிக் கல். அதை வாங்க வருகிறவர்கள் பட்டறையில் கேட்பது மூன்றே கேள்விதான். நிறம் போகுமா, வழுக்குமா, சதுர அடி என்ன விலை? நிறப்பொடி சரியானதாக இருந்தால் நிறம் போகாது. ஈரம் பட்டால் வழுக்கும், அதனால் குளியலறைக்கு வேண்டாம். விலை, அளவையும் பூவையும் பொறுத்தது. இந்த மூன்றையும் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாகிவிட்டது. இந்த மதிப்புரை வேறொன்றைப் பற்றியது. அந்தக் கல்லுக்குள் போகிற மணல், சிமெண்ட், நிறப்பொடி, தண்ணீர், மனித உழைப்பு ஆகியவை எங்கிருந்து, எந்த விதத்தில் வருகின்றன, அதை வாங்குகிறவர் எப்படிச் சரிபார்ப்பது என்பதைப் பற்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கைவேலைக்கு முழு மதிப்பெண் தரலாம். சூளை இல்லாத தொழில் என்பதும் உண்மைதான். ஆனால் 'இயற்கையானது, உள்ளூர்ப் பொருள், சுற்றுச்சூழலுக்கு நல்லது' என்று சொல்லி விற்கும்போது அதற்கு ஆதாரமாக ஒரு துண்டுச் சீட்டாவது இருக்க வேண்டும். அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. கேட்காத வரை எந்தப் பட்டறையும் அதை எடுத்து வைக்கப் போவதில்லை.

செய்முறையைச் சுருக்கமாகப் பார்த்தால்தான் எந்தப் பொருள் எங்கே நுழைகிறது என்று புரியும். கண்ணாடித் தகட்டைத் துடைத்து, அதன் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சைப் பொருத்துகிறார்கள். அச்சின் ஒவ்வொரு அறையிலும் அந்தந்த நிறக் கலவையைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். சிமெண்டும் நிறப்பொடியும் நுண்மணலும் சேர்ந்த தண்ணீர்க் கலவை அது. அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். அதன் மேல் சிமெண்டும் மணலும் கலந்த உலர்ந்த தூளைத் தூவினால் மேலடுக்கின் மிச்ச நீரை அது உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் ஈரச் சாந்தை நிரப்பி, தட்டிச் சமன் செய்து, சட்டத்தை உருவி, கண்ணாடியோடு அடுக்கி வைப்பார்கள். மறுநாள் தொட்டித் தண்ணீரில் ஊறல், பிறகு வெயிலில் காய்ச்சல். கண்ணாடி தானாகக் கழன்று வரும். பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது, மெருகு எந்திரம் கொடுத்ததல்ல.

இப்போது கணக்கு. 8 அங்குலச் சதுரக் கல், 20 மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால் சதுர அடிக்கு இரண்டேகால் கல். ஒரு கல் ஏறக்குறைய 1.8 கிலோ. ஆயிரம் சதுர அடி முகப்புக்கும் வளவுக்கும் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) 2,250 கல், மொத்தம் நாலு டன் எடை. இதற்குள் போகிற சிமெண்ட் தோராயமாக ஒரு டன், அதாவது 20 மூட்டை. மணல் 60 முதல் 70 கன அடி. லாரிக்காரர் கணக்கில் (ஒரு யூனிட் நூறு கன அடி) முக்கால் யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. நிறப்பொடி எல்லாம் சேர்த்து 15 முதல் 20 கிலோ. கலவை விகிதம் பட்டறைக்குப் பட்டறை மாறும் என்பதால் பத்து சதவீதம் அப்படி இப்படி இருக்கலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இதே கல்லைப் பதிக்க ஒன்றரை அங்குலச் சாந்துப் படுக்கை போட்டால், அதற்கு மட்டும் ஒன்றரை யூனிட்டை நெருங்கி மணல் வேண்டும். கல்லுக்குள் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. ஆக, பட்டறைக்காரரிடம் மணல் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சீட்டு கேட்கிற வீட்டுக்காரர், தன் கொத்தனார் இறக்கிய மணலுக்கும் அதே சீட்டைக் கேட்டாக வேண்டும். இல்லாவிட்டால் பாதிக்கும் மேற்பட்ட மணல் கணக்கிலேயே வராது.

மணல்: சிக்கல் இங்கேதான்

'ஆத்தங்குடி மண்ணின் குணம் வேறு எங்கும் கிடைக்காது' என்பது இந்தக் கல்லின் விற்பனைப் பேச்சில் முதல் வரி. அந்த வரி உண்மையாக இருந்தால் அடுத்த கேள்வி தானாக எழ வேண்டும்: அந்த மண் எந்த இடத்தில், யார் அனுமதியோடு அள்ளப்பட்டது? 'நம்ம ஊரு மணல்தாண்ணே' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பெருமையாகச் சொல்லப்படும் அதே விஷயம்தான் சட்டப்படி மிகப் பலவீனமானதும்.

தமிழ்நாட்டில் ஆற்று மணல் எடுப்பது 2003 முதல் அரசின் கையில் இருக்கிறது. தனியார் குத்தகை கிடையாது. எனவே ஆற்று மணல் என்று ஒரு லோடு வந்தால் அது அரசு குவாரியிலிருந்து வந்திருக்க வேண்டும், நடைச்சீட்டு இருக்க வேண்டும், அதில் வண்டி எண்ணும் தேதியும் நேரமும் அளவும் இருக்க வேண்டும். சவுடு மண் (பள்ளம் நிரப்பப் பயன்படும் மட்டமான மண்) எடுக்க வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு மணலை அள்ளுவது பழைய தந்திரம். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்காகப் போன சங்கதி அது. சீட்டில் 'சவுடு' என்றும் வண்டியில் மணல் என்றும் இருந்தால், சீட்டு இருந்தும் பயனில்லை.

செட்டிநாட்டில் இது வெறும் சட்டப் பிரச்சினை அல்ல. இந்த வட்டாரம் நதியை நம்பி வாழ்வதில்லை. கண்மாயையும் ஊருணியையும் நம்பி வாழ்கிறது. மழைநீர் ஊருணிக்கு வந்து சேர்வது வரத்துக் கால்வாய் வழியாக. அந்தக் கால்வாயின் படுகையில் இரண்டு அடி பள்ளம் விழுந்தால் தண்ணீர் முதலில் அந்தப் பள்ளத்தை நிரப்பி அங்கேயே இறங்கிவிடும். சிறு மழைக்கு ஊருணிக்குத் துளியும் போய்ச் சேராது. முற்றத்து மழையைக் கூடச் சேமிக்கும்படி வீடு கட்டிய ஊரில், அந்த வீட்டின் தரைக்காக வரத்துக் கால்வாயைத் தோண்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

மாற்று என்ன? எம்-சாண்ட், அதாவது கருங்கல்லை உடைத்துச் செய்யும் செயற்கை மணல். இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 383, 2016 திருத்தத்தில் செயற்கை மணலையும் முறையாகச் சேர்த்துக்கொண்டது. 2023இல் தமிழ்நாடு அரசு எம்-சாண்டுக்குத் தனிக் கொள்கையே வெளியிட்டது. பொதுப்பணித்துறையின் மதிப்பீட்டுச் சான்று உள்ள ஆலையிலிருந்து வந்ததா என்று கேட்கலாம். கல்லின் முதுகுப் பகுதிக்கு, கழுவிய எம்-சாண்ட் தாராளமாகப் போதும். அங்கே நிறத்துக்கு வேலையே இல்லை. ஆனால் துகள்கள் கூர்மையானவை என்பதால் கலவை கொஞ்சம் முரண்டு பிடிக்கும், தண்ணீர் கூடுதலாகக் கேட்கும். பழக்கமில்லாத கை அந்தத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் கல் காய்ந்தபின் ஓரம் பொரிந்து உதிரும். கழுவாத கிரஷர் தூளை எம்-சாண்ட் என்று இறக்கினால் நிலைமை இன்னும் மோசம். கல் லேசாகத் தட்டினாலே மொத்தென்று சத்தம் கொடுக்கும். பாதி ஆற்று மணல், பாதி எம்-சாண்ட் என்று தொடங்கிப் படிப்படியாக மாறுகிற பட்டறையை நம்பலாம். ஒரே நாளில் மாறியவரிடம் முதல் தொகுதியை வாங்க வேண்டாம்.

மணலின் சுத்தத்தைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. நேர்ப்பக்கமுள்ள கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு மணல், மேலே உப்புத் தண்ணீர், நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். மணலுக்கு மேல் படிகிற வண்டல் அடுக்கு, மணல் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்த லோடு வேண்டாம் என்பது கட்டட வேலையில் உள்ள நடைமுறை. வரத்துக் கால்வாய் மணலும் சவுடும் பெரும்பாலும் இந்தச் சோதனையிலேயே அகப்பட்டுக்கொள்ளும்.

நிறப்பொடி: அளவு சிறிது, வம்பு பெரிது

சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றும் இரும்பு ஆக்சைடு. பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு. இவை சிமெண்டின் காரத்தைத் தாங்கும், வெயிலைத் தாங்கும், நூறு வருடம் ஆனாலும் இருந்த இடத்தில் இருக்கும். பழைய வீடுகளின் தரையில் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் இன்னும் நிற்பதற்குக் காரணம் இதுதான், ரகசியச் சூத்திரம் எதுவுமில்லை.

தகராறு வருவது பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளிலும், கிளிப்பச்சையிலும், நீலத்திலும். மலிவான பளிச் மஞ்சளில் ஈயக் குரோமேட் இருக்க வாய்ப்புண்டு. கிளிப்பச்சை சில சமயம் அதே மஞ்சளோடு பிரஷ்யன் நீலம் கலந்தது. ஈயம் கலந்த பொடியைத் தினமும் கையால் அளந்து, மூச்சில் இழுத்து, அதே கையால் சோறு உண்பவர் பட்டறைத் தொழிலாளி, வீட்டுக்காரர் அல்ல. அதோடு பிரஷ்யன் நீலம் சிமெண்டின் காரத்தில் சிதைந்துவிடும். கொஞ்ச நாளில் பச்சை பழுப்படிக்கும். ஆக, தொழிலாளிக்கும் கேடு, வாங்கியவருக்கும் நஷ்டம். வீட்டு வர்ணங்களில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பர் முதல் நடப்பில் உள்ளது. ஆனால் அது வர்ண டப்பாவுக்குத்தான். சாக்கில் வரும் நிறப்பொடியை அது தொடாது. அதனால்தான் வாங்குகிறவர் தன் ஆர்டரிலேயே அந்த வரம்பை எழுதிவிட வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று: சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்த நீரில் ஒரு சிட்டிகைப் பொடியைப் போட்டு மூடி, ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். தண்ணீரில் நிறம் இறங்கினாலோ பொடியின் நிறம் மாறினாலோ அது தரைக்கு ஆகாது. இந்தச் சோதனை காரத்தைத் தாங்குமா என்பதை மட்டுமே சொல்லும், ஈயம் இருக்கிறதா என்று சொல்லாது. ஈயத்துக்கு எக்ஸ்ரே ஒளிர்வுச் சோதனைதான் வழி. அல்லது பொடி தயாரிப்பாளரின் தொகுதிச் சான்று. சில்லறைக் கடையில் பிரித்துக் கட்டிக் கொடுத்த பொட்டலத்துக்கு எந்தச் சான்றும் வராது. மூடி உடையாத மூட்டையாக, தொகுதி எண்ணோடு வாங்கச் சொல்லுங்கள். ஆயிரம் சதுர அடிக்கே 20 கிலோதான் என்பதால், நல்ல பொடிக்குக் கூடுதலாக ஆகும் செலவு மொத்த விலையில் சொற்பம்.

அளவிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. சிமெண்ட் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் நிறப்பொடி போனால் மேலடுக்கு மாவாகிவிடும். 'இன்னும் கொஞ்சம் சிவப்பா வேணும்' என்று ஆச்சி கேட்டதற்காகப் பொடியைக் கூட்டுகிற பட்டறையைவிட, வெள்ளை சிமெண்ட்டுக்கு மாற்றித் தருகிற பட்டறை விவரமானது.

சூளை இல்லை என்பது பாதி உண்மை

செராமிக் டைல்ஸை 1,100 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். இதைச் சுட வேண்டியதில்லை. சரி. ஆனால் சுடும் வேலை சிமெண்ட் ஆலையில் ஏற்கெனவே நடந்துவிட்டது. ஒரு டன் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 0.8 டன்னுக்குக் குறையாமல் கரியமில வாயு வெளியாகிறது. சுண்ணாம்புக்கல் பிரியும்போது வருவதே அதில் பாதிக்கு மேல். ஆயிரம் சதுர அடித் தரைக்கு ஒரு டன் சிமெண்ட் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அதைக் குறைக்க ஒரே எளிய வழி, முதுகுப் பகுதிக்குச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட். மின்நிலையச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை அதில் அனுமதி. ஒரே நிபந்தனை, பிபிசி மெதுவாக இறுகும். ஊறல் நாளைக் கூட்டாமல் சிமெண்டை மட்டும் மாற்றினால் லாரியிலேயே மூலை உடையும். ஏழு நாள் ஊறல் என்று இருந்ததைப் பத்து நாளாக்க வேண்டும். மூன்றே நாளில் தொட்டியிலிருந்து எடுத்து அனுப்பும் பட்டறைக்கு இது பொருந்தாது.

உள்ளூர் என்ற பேச்சுக்கும் இங்கே ஒரு வரம்பு உண்டு. சிமெண்ட், கண்ணாடி, நிறப்பொடி எதுவும் ஆத்தங்குடியில் விளைவதில்லை. உள்ளூர் என்பது மணல், தண்ணீர், கை. (அந்தக் காலத்து நகரத்தார் வீடுகளே பர்மா தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கப்பலில் வந்து எழுந்தவைதானே. 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பிடித்தபோது பேசப்பட்ட அழகில், அந்தத் தேக்கை வெட்டிய கைகளைப் பற்றிய கணக்கு எதுவும் இல்லை.)

தண்ணீரும் தொட்டியும்

சிவகங்கை மாவட்டம் வறண்ட பூமி. ஊறல் தொட்டியை வாரத்துக்கு ஒருமுறை காலி செய்து புதுத் தண்ணீர் நிரப்புவது 'சுத்தம்' என்று சில இடங்களில் நினைக்கிறார்கள். அது தேவையில்லாத வேலை. சுண்ணாம்பு ஊறிய பழைய தண்ணீரில் கல்லின் சுண்ணாம்பு கரைந்து வெளியேறுவது குறைவு. அதனால் கல்லுக்கும் அதுவே நல்லது. அடியில் படியும் சேற்றை மட்டும் அள்ளிவிட்டு, குறைந்துபோன அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

கொட்டியே ஆக வேண்டும் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தொட்டித் தண்ணீரின் காரத்தன்மை பிஎச் 12ஐத் தொடும். வெளியேற்றும் கழிவுநீருக்குச் சுற்றுச்சூழல் விதிகள் சொல்லும் எல்லை 5.5 முதல் 9 வரை. நேராக வாய்க்காலில் விட்டால் புல் கருகும், ஊருணிக்குப் போனால் மீன் மிதக்கும். பிஎச் தாள் மலிவான பொருள். தொட்டி ஓரத்தில் அது தொங்குகிறதா என்று பார்ப்பது ஒரு பட்டறையைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2016 வகைப்பாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத சிமெண்ட் டைல்ஸ் தொழில் பச்சை வகையில் (மாசு குறைவான தொழில்கள்) வைக்கப்பட்டது, தூசு பறக்காதபடி மூடிய கொட்டகையில் நடக்க வேண்டும் என்ற குறிப்போடு. 'எங்களுக்கு அதெல்லாம் கிடையாது' என்ற பதில் சரியல்ல.

உப்புத் தண்ணீரில் ஊறிய கல் வேறொரு விதத்தில் பழிவாங்கும். பதித்து இரண்டு மூன்று மாதத்தில் வெள்ளையாகப் பூக்கும். சாதாரணச் சுண்ணாம்புப் பூப்பு துடைக்கத் துடைக்கப் போய்விடும். கிணற்று உப்பினால் வந்தது போகாது. மேல்தோலைச் செதிலாகத் தூக்கும். இதற்கு ஆசிட் ஊற்றுகிறவர்கள் உண்டு. ஆசிட் பூவையும் சேர்த்துத் தின்றுவிடும், மிச்சம் சாக்கடைக்குப் போகும்.

கை

பூ அச்சில் நிறம் ஊற்றுகிறவர்தான் இந்தக் கல். அவருடைய கை நாள் முழுக்க ஈரச் சிமெண்டில் இருக்கிறது. சிமெண்டில் கரையக்கூடிய ஆறிணைக் குரோமியம் தோலில் ஒவ்வாமைப் புண்ணை உண்டாக்கும்; ஒருமுறை வந்தால் அந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுக்க விடாது. ஐரோப்பாவில் சிமெண்டில் அதற்கு 2 பிபிஎம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். இங்கே செய்யக்கூடியது நைட்ரைல் கையுறை கொடுப்பதும், பக்கத்திலேயே நல்ல தண்ணீர்க் குழாய் வைப்பதும். துணிக் கையுறை கொடுப்பது கொடுக்காமல் இருப்பதைவிடக் கேடு, ஏனெனில் ஈரச் சிமெண்டை அது தோலோடு ஒட்டியே வைத்திருக்கும். உலர்ந்த தூள் தூவும் கட்டத்தில் மூக்குக்கு வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். துண்டைக் கட்டிக்கொள்வது நுண்ணிய சிலிக்காத் தூசைத் தடுக்காது, எம்-சாண்ட் தூசு என்றால் இன்னும் ஆபத்து. கண்ணாடித் தகட்டின் ஓரங்களைத் தேய்த்து மழுக்கியிருக்கிறார்களா என்று விரலால் தடவாமல் கண்ணால் பாருங்கள்.

கூலி பெரும்பாலும் கல் கணக்கில். கல் கணக்கு தவறில்லை. ஆனால் ஒரு முழு நாள் உழைத்தவருக்கு அது குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. உடைந்த கல்லுக்குக் கூலி வெட்டுகிறார்களா என்பது முக்கியமான கேள்வி. கண்ணாடி பழசாகிக் கீறல் விழுந்தோ, மணல் சரியில்லாமலோ கல் உடைந்தால் அந்தப் பழியைத் தொழிலாளியின் கூலியில் ஏற்றுவது நியாயமில்லை. மழைக்காலத்தில் கல்லைக் காய வைப்பது நின்றுவிடும், வேலை பாதியாகும். அந்த மாதங்களில் என்ன செய்கிறார்கள், முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடுகிறார்களா என்பதையும் கேட்கலாம். உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்பது எளிதாகச் சரிபார்க்கக்கூடிய ஒன்று. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பள்ளி நேரம் போக, ஆபத்தானது என்று சட்டம் பட்டியலிடாத குடும்பத் தொழிலில் கூடமாட உதவலாம் என்று 2016 திருத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த இடைவெளியில்தான் நழுவல் நடக்கும். ஒரு நல்ல ஆர்டரில் 'குடும்பத் தொழிலாக இருந்தாலும் கூடாது' என்று எழுதிவிடுவது சுத்தம்.

வாங்குகிறவரின் யோக்கியதை

பெரிய ஓட்டல்களும் கட்டடக் கம்பெனிகளும் இப்போது சப்ளையர் நடத்தை விதி என்று நாற்பது பக்க ஆங்கில ஆவணத்தை அனுப்பிக் கையெழுத்து கேட்கின்றன. பங்குச்சந்தையில் முதல் ஆயிரம் கம்பெனிகள் 2022-23 முதல் பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் பிஆர்எஸ்ஆர் (சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு) அறிக்கை தர வேண்டும் என்பதன் விளைவு அது. எஸ்ஏ 8000 (தொழிலாளர் நலத் தரம்), ஐஎஸ்ஓ 14001 (சுற்றுச்சூழல் மேலாண்மைத் தரம்), ஸ்மெட்டா (சப்ளையர் தணிக்கை) எல்லாம் பெரும்பாலும் பெரிய ஆலைகளில் நடப்பவை. ஆறு பேர் வேலை செய்யும் கொட்டகையில் அவற்றைக் கேட்டால் கிடைப்பது கையெழுத்து மட்டும்தான், மாற்றம் அல்ல. படிக்காமல் போட்ட கையெழுத்தை வைத்துக்கொண்டு 'எங்கள் சப்ளையர்கள் அனைவரும் உறுதிமொழி அளித்துள்ளனர்' என்று ஆண்டறிக்கையில் அச்சடிப்பது நாணயமான காரியம் அல்ல.

தமிழில் ஒரே பக்கம் போதும். மணல் லோடு ஒவ்வொன்றுக்கும் நடைச்சீட்டு நகல் கோப்பில் இருக்க வேண்டும். நிறப்பொடி மூட்டையின் தொகுதி எண்ணைக் கல் தொகுதியோடு சேர்த்து எழுத வேண்டும். ஊறல் தேதியும் எடுத்த தேதியும் ஒரு நோட்டில். தொட்டி நீர் வெளியே போகும்போது பிஎச் எழுத வேண்டும். கூலி நோட்டில் தொழிலாளியின் கையெழுத்து. இத்தனையும் ஒரு நாற்பது பக்க நோட்டுக்குள் அடங்கும். பட்டறைக்காரரின் பள்ளிக்கூடப் பிள்ளையே பராமரிக்க முடியும் என்று சொல்ல வந்தால், மேலே எழுதியதற்கு முரணாகிவிடும்.

அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் வாங்குகிறவர் தன் கடமையை எழுத வேண்டும். ஆர்டரோடு முன்பணம் எவ்வளவு, மீதி எந்தத் தேதியில். உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள் என்பது 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு பிடியும் உண்டு: அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வருடம் வரை, வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. பட்டறைக்காரர்கள் இதைக் கேட்டு வாங்கத் தயங்குவார்கள், அடுத்த ஆர்டர் போய்விடுமே என்று. பணத்தை மூன்று மாதம் இழுத்தடிக்கிற கம்பெனி, சீட்டுள்ள மணலை ரொக்கம் கொடுத்து வாங்கு என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. சீட்டில்லாத மணல் கடனுக்குக் கிடைக்கும் என்பதுதான் அதன் கவர்ச்சியே.

அவசரமும் ஒரு வாங்குகிறவர் குற்றம்தான். புதுமனைப் புகுவிழாவுக்கு இருபது நாள் இருக்கும்போது இரண்டாயிரம் கல் கேட்டால், குறைவது ஊறல் நாள். அல்லது பட்டறை வேறிடத்தில் எந்திரத்தில் அழுத்திய கல்லை வாங்கித் தன் பெயரில் அனுப்பும். இரண்டு மாதம் முன்னால் ஆர்டர் கொடுப்பது ஒன்றுதான் வழி.

பெட்டியைத் திறந்ததும்

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆத்தங்குடிப் பூவைச் செராமிக்கில் அச்சிட்டு 'ஆத்தங்குடி டிசைன்' என்று விற்பது தாராளமாக நடக்கிறது. ஒரு கல்லை உடைத்துப் பாருங்கள். உண்மையான கல்லில் நிறம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கும், பின்னால் சாம்பல் நிறச் சாந்து. பூவின் கோடு இரண்டு கல்லில் ஒன்று போல இருக்காது. அச்சிட்டதில் மேலே ஒரு தோல் மட்டும்.

சிமெண்ட் தரைக்கல்லுக்கான ஐஎஸ் 1237 தரம், நீர் உறிஞ்சுதல் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நன்றாகக் காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் தண்ணீரில் வைத்து, துடைத்து மறுபடி எடை போட்டால் போதும்: 1.8 கிலோ கல் 180 கிராமுக்கு மேல் குடித்திருந்தால் திருப்பி அனுப்பலாம். தொகுதிக்கு ஆறு கல்லாவது பாருங்கள்.

வண்டியில் கல்லைப் படுக்கப் போடாமல் நிறுத்தி, முகத்தோடு முகம் வைத்து அடுக்க வேண்டும். இடையில் காய்ந்த வைக்கோல் நல்லது, தெர்மாகோல் தேவையே இல்லை. வைக்கோல் ஈரமாக இருந்தால் மட்டும் மஞ்சள் கறை இறங்கும், மழை நாளில் காகிதம் வைக்கச் சொல்லுங்கள். சின்ன யானை (டாடா ஏஸ்) வண்டியில் நானூறு கல்லுக்கு மேல் ஏற்ற விடாதீர்கள். உடைசலுக்கு ஐந்து சதவீதம் சேர்த்து ஒரே தொகுதியில் வாங்கிவிடுங்கள்; அடுத்த தொகுதியின் சிவப்பு இதே சிவப்பாக இருக்காது. உடைந்த துண்டுகளைப் படுக்கைச் சாந்துக்கு அடியில் சல்லிக்குப் பதிலாகப் போடலாம், குப்பை வண்டிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. முழுதாக மிஞ்சிய கல்லில் பத்தைப் பரணில் வைத்துக்கொண்டு மீதியைப் பட்டறை திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்று ஆர்டர் கொடுக்கும்போதே பேசி, பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.